ஒரு டின் காபிக்கு விலைபோன பீரங்கி

டோரிங்போர்ட் ஊரைச் சேர்ந்த லோடவெய்க் ஓடெண்டால், செத்து நூறு ஆண்டுகளுக்கு மேலான பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை காபி வேளைக்குச் சற்று முன்பு துரோகியானார். அவருடைய கொள்ளுப்பேரன் வெஸ்ஸல் ஓடெண்டால் அப்போது தன் கறிக்கடையில் மாட்டிறைச்சியை நீளவாக்கில் நறுக்கி, வினிகரும் கொத்தமல்லி விதையும் தடவி, உப்புக்கண்டத்துக்காகக் கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்தார். செய்தியைக் கொண்டுவந்தவள் அவர் மனைவி எல்சபே. ரொட்டி வாங்கப் போனவள் ரொட்டி இல்லாமல் திரும்பி வந்தாள்.

"வெஸ்ஸல், உன் கொள்ளுத்தாத்தா ஒரு டின் காபிக்கு ஆசைப்பட்டு நம்ம ஆளுங்களை இங்கிலீஷ்காரன்கிட்ட காட்டிக் குடுத்தாராமே."

"எவன் சொன்னான்?"

"எவனும் சொல்லல. சதுக்கத்துல போர்டு நட்டு வச்சிருக்காங்க. பித்தளைல."

வெஸ்ஸல் கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் பார்த்தார். பலகை நன்றாகத்தான் இருந்தது. நூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலீஷ்காரர்களோடு நடந்த போரின் கடைசி ஆண்டில் பாரெண்ட் ராடமேயர் என்னும் மாவீரர், பன்னிரண்டு தீக்கோழிகளைப் பூட்டி அவர்களுடைய பீரங்கி ஒன்றை இழுத்துக்கொண்டு, வெள்ளம் புரண்ட ஆற்றைக் கடந்து மலையில் ஒளித்துவைத்தார் என்றும், லோடவெய்க் ஓடெண்டால் என்பவன் ஒரு டின் காபிக்காக அவரைக் காட்டிக்கொடுத்தான் என்றும் அதில் எழுதியிருந்தது. பாரெண்டுக்கு 'ர்' போட்டிருந்தார்கள், லோடவெய்க்குக்கு 'ன்' போட்டிருந்தார்கள். அடியில் வட்டார வரலாற்று உறுதிப்பாட்டு மன்றத்தின் முத்திரை.

வெஸ்ஸலுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஏனென்றால் அந்தக் கதை பிறந்தபோது அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

டோரிங்போர்ட்டில் ஆண்டுதோறும் விவசாயக் கண்காட்சி நடக்கும். கொழுத்த செம்மறிக்கடாவுக்கு ஒரு பரிசு, பெரிய பூசணிக்கு ஒரு பரிசு, நல்ல பொய்க்கு ஒரு பரிசு. பொய்ப் போட்டிக்கென்று தனிக் கூடாரம் உண்டு. அந்தப் போட்டியில் ஒரு வழக்கம் இருந்தது. சொல்வது பொய் என்று கேட்பவர்களுக்குச் சந்தேகமில்லாமல் தெரியவேண்டும் என்பதற்காக, கதையில் வரும் வீரனுக்கு ஊரறிந்த பயந்தாங்கொள்ளியின் பெயரையும், துரோகிக்கு ஊரறிந்த யோக்கியனின் பெயரையும் வைப்பார்கள். துரோகியாக வைக்கப்பட்ட குடும்பத்தார் அன்று தலைநிமிர்ந்து நடப்பார்கள். அவ்வளவு பெரிய கௌரவம் அது.

வெஸ்ஸலும் பள்ளித்தோழன் ஹெனிங் ராடமேயரும் மீசை கறுப்பாக இருந்த காலத்தில், ஹெனிங் அந்தக் கூடாரத்தில் ஏறினார். முதல் நாளே வெஸ்ஸலிடம் கேட்டிருந்தார். "எங்க கொள்ளுத்தாத்தா போர் முடியற வரைக்கும் கால்வலின்னு கட்டில்ல படுத்துக் கிடந்தவரு. பொய்லயாவது அவர ஓட விடுவோம்டா. துரோகிக்கு உங்க ஆளத் தர்றியா? ஊர்ல அவரவிட யோக்கியன் எனக்குக் கிடைக்க மாட்டான்." வெஸ்ஸல் சந்தோஷமாகக் கொடுத்தார். லோடவெய்க் போரில் பிடிபட்டு, கைதியாகக் கப்பலேற்றப்பட்டு, சிலோனில் தியத்தலாவை முகாமில் காய்ச்சல் கண்டு செத்தவர். தேவாலய முற்றத்தில் இருக்கும் போர்நினைவுக் கல்லில் அவர் பெயர் மேலிருந்து நாலாவது. ஹெனிங் கதையைச் சொல்லி முடித்தபோது வெஸ்ஸலின் அப்பா முன்வரிசையில் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றி ஊருக்கு வணக்கம் சொன்னார். கூடாரமே குலுங்கிச் சிரித்தது.

ஆகவே வெஸ்ஸல் சிரித்துக்கொண்டே மன்றத்துக்குப் போனார். ஹெனிங்கைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னால் போர்டைக் கழற்றிவிடுவார்கள் என்று நினைத்தார். தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற ஹெனிங்தான் இப்போது மன்றத்தின் தலைவர்.

மன்றத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஊரில் திரியும் கதைகளைப் பிடித்து, தட்டிப் பார்த்து, தேறியதை வரலாறாக அறிவிப்பது அதன் வேலை. மன்ற விதிப்படி முதல் படி கதை, இரண்டாம் படி மரபு, மூன்றாம் படி உண்மை. ஒரு கதையை ஏழு குடும்பங்கள் தனித்தனியே சொன்னால் அது மூன்றாம் படிக்கு ஏறிவிடும். ஏறியது இறங்குவதற்கு விதியில் வழி வைக்கவில்லை. இதுவரை யாரும் கேட்டதில்லை என்பதால் வைக்கவில்லை என்றார்கள்.

ஹெனிங் நாற்காலியில் இருந்தார். ஆனால் பேசியது அவரல்ல. ப்ளூம்ஃபொன்டைன் நகரத்திலிருந்து மன்றத்துக்கு வந்திருந்த முனைவர் லியோனி ஸ்கீப்பர்ஸ் பேசினார். அவருக்குத் தாழ்ந்த, இதமான குரல். பல் பிடுங்கும் முன் டாக்டர்கள் பேசுவார்களே, அந்தக் குரல்.

"ஓடெண்டால் ஐயா, உங்க வருத்தம் எங்களுக்குப் புரியுது. உங்க கொள்ளுத்தாத்தா சிலோன்ல இறந்ததா சொல்றீங்க. அத எத்தன குடும்பம் சொல்லுது?"

"எங்க குடும்பம் சொல்லுது. செத்தது எங்க வீட்டு ஆளு. வேற யாரு சொல்லுவாங்க?"

"அப்ப ஒண்ணு. இன்னும் ஆறு வேணும்."

"அந்தத் தீக்கோழிக் கதை பொய்ப் போட்டில சொன்னதும்மா. ஏழு குடும்பமும் ஒரே கூடாரத்துல, ஒரே பெஞ்சுல உக்காந்து கேட்டவங்க. நானும் அதே பெஞ்சுலதான் இருந்தேன்."

"இருக்கலாம். ஆனா ஒவ்வொருத்தரும் அவங்கவங்க காதாலதானே கேட்டாங்க? அதத்தான் நாங்க தனித்தனின்னு சொல்றோம்." முனைவர் புன்னகைத்தார். "இன்னொண்ணும் சொல்றேன். பொய்க் கூடாரத்துல சொன்னதால மட்டும் ஒண்ணு பொய்யாயிடாது. அடக்கி வச்ச உண்மைக்கு ஒதுங்க வேற எடம் ஏது? பாவம், பொய்க்குள்ள போய் ஒளிஞ்சிருந்திருக்கு. நாங்க அதக் கைபிடிச்சு வெளிய கூட்டிட்டு வந்திருக்கோம்."

"சரி, அந்த பீரங்கி எங்க?"

"கெடைக்கல. எவ்வளவு தெறமையா ஒளிச்சு வச்சிருக்கார்ங்கறதுக்கு இதவிட என்ன ஆதாரம் வேணும்?"

"தீக்கோழி பீரங்கி இழுக்குமா?"

"இப்ப இருக்கற தீக்கோழி இழுக்காது. நூறு வருஷத்துல மனுஷனே இவ்வளவு தளந்துட்டான். தீக்கோழிய மட்டும் குத்தம் சொல்லலாமா?"

வெஸ்ஸல் ஹெனிங்கைப் பார்த்தார். ஹெனிங் கூரையில் ஓடிய ஒரு விரிசலைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் வெஸ்ஸல் வீட்டிலிருந்து கருங்காலி யானையைக் கொண்டுபோனார். கைக்குள் அடங்கும் சின்ன யானை, ஒரு தந்தம் உடைந்தது. முகாமில் லோடவெய்க் செதுக்கியது. உடன் இருந்த கைதி ஒருவர் போர் முடிந்து திரும்பியபோது, சாவுச் செய்தியோடு இதையும் கொண்டுவந்து கொடுத்தார். நாலு தலைமுறையாக அது ஓடெண்டால் வீட்டு அலமாரியில் நின்றிருந்தது. வாரம் ஒருமுறை அதைத் துடைப்பது எல்சபேயின் வேலை.

முனைவர் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு அதை வாங்கிப் பார்த்தார்.

"இந்த ஊர்ல யானை இருந்திருக்கா, ஐயா?"

"இல்ல."

"கருங்காலி மரம்?"

"அதுவும் இல்ல. அதத்தான் நானும் சொல்றேன்."

"அப்ப இது வெளிநாட்டுப் பொருள். ஊர் சனம் சர்க்கரவள்ளிக் கிழங்க வறுத்து, அதக் காபின்னு நெனச்சுக் குடிச்ச காலத்துல, உங்க வீட்டுக்கு மட்டும் வெளிநாட்டுப் பொருள் வந்திருக்கு. இதக் கொண்டுவந்து தந்ததுக்கு ரொம்ப நன்றி. உங்கள மாதிரி மனசு எல்லாருக்கும் வராது."

யானை கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விட்டது. 'துரோகத்துக்குக் கிடைத்த கூடுதல் வெகுமதி' என்று சீட்டு ஒட்டினார்கள். வெஸ்ஸல் திருப்பிக் கேட்டதற்கு, மூன்றாம் படிக்கு ஏறிய பொருள் இனி தேசத்துக்குச் சொந்தம் என்று பதில் வந்தது.

அதற்குப் பிறகு ஊர் மாறியது. கெட்டவர்கள் யாரும் இல்லை, எல்லாரும் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். அதுதான் தாங்க முடியவில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்து மண்டபத்தில் காபியும் ரஸ்கும் கொடுக்கும்போது, வெஸ்ஸல் காபிப் பாத்திரத்தை நெருங்கினால் பேச்சு நின்றுவிடும். ஒரு அம்மாள் பரிவோடு, "ரெண்டாவது கப் வேணுமா வெஸ்ஸல்? கூச்சப்படாதீங்க, ரத்தத்துல இருந்தா என்ன பண்றது" என்றாள். அன்றிலிருந்து அவர் தேநீருக்கு மாறினார். ஐம்பது வருடமாக ரஸ்கைக் காபியில் நனைத்துத் தின்ற வாய். தேநீரில் நனைத்த ரஸ்க் தொண்டையில் இறங்க மறுத்தது.

பிறகு மன்றத்திலிருந்து ஒரு இளைஞன் வந்தான். மரபு தினத்தன்று சதுக்கத்தில் நாடகம் போடுகிறார்களாம். "வெஸ்ஸல் மாமா, துரோகி வேஷம் நீங்கதான் போடணும்னு எல்லாரும் ஆசப்படறாங்க. வாரிசே நடிச்சா அதுல ஒரு உண்மை இருக்கும்ல?" வெஸ்ஸல் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, முடியாது என்றார். இளைஞன் வருத்தப்பட்டான். போகும்போது திருவிழாவில் சுடுவதற்காக இருநூறு பேருக்குச் சாசேஜ் சொல்லிவிட்டுப் போனான். ஊரில் வேறு நல்ல கறிக்கடை இல்லை.

இதையெல்லாம்கூட வெஸ்ஸல் பொறுத்திருப்பார். கல்லில் கை வைக்கப்போகிறார்கள் என்று தெரிந்த நாளில்தான் அவருக்குத் தூக்கம் போனது. போர்டில் ஒன்றும் கல்லில் ஒன்றுமாக இருப்பது பார்வையாளர்களுக்குக் குழப்பம் தரும் என்று மன்றம் தேவாலயக் குழுவுக்குச் சொன்னது. குழு கூடி ஜெபம் செய்து, மரபு தினத்துக்கு முன்பு நாலாவது பெயரைச் செதுக்கி எடுத்துவிடலாம் என்று முடிவெடுத்தது. லோடவெய்க்கின் உடம்பு சிலோன் மண்ணில் கிடக்கிறது. அந்தக் குழியை ஓடெண்டால் குடும்பத்தில் ஒருவரும் பார்த்ததில்லை. இந்த ஊரில் அவருக்கு மிஞ்சியிருந்தது கல்லில் ஒரு வரிதான். வெஸ்ஸலின் அப்பா சாகும்வரை பெரிய வெள்ளியன்று அந்த வரியை விரலால் தடவிவிட்டு வருவார். அப்பாவுக்குப் பின் வெஸ்ஸல் தடவினார்.

தேவாலய முற்றத்தில் கல்தச்சன் டாவிட் ஸ்வார்ட்பூய் அளவெடுத்துக்கொண்டிருந்தான். டாவிட்டின் வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம், பழுப்புத் தோல்காரர்களை ஒதுக்கி வைத்திருந்த பழைய குடியிருப்பில். பேசும் மொழி ஒன்றுதான், ஜெபிக்கும் தேவாலயம் வேறு.

"டாவிட், இதச் செய்யாதப்பா."

"நான் செய்யலன்னா வேற ஆளு வருவான் மாமா. அவன் கல்லயே ஒடச்சு வச்சிட்டுப் போயிடுவான்." டாவிட் அளவுநாடாவைச் சுருட்டினான். "எங்க தாத்தாவோட தாத்தா உங்க லோடவெய்க்குக்குக் குதிர பாத்துக்கிட்டவரு. அவரோடயே பிடிபட்டு, அதே கப்பல்ல சிலோன் போனாரு. அங்கேயே போயிட்டாரு. எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியும்."

வெஸ்ஸல் அவன் தோளைப் பிடித்தார். "அப்ப ரெண்டு குடும்பம் ஆச்சே. மன்றத்துல வந்து சொல்லுவியா?"

"போன மாசமே போய்ச் சொன்னேன் மாமா. எங்க வீட்டயும் உங்க வீட்டுக் கணக்குலயே சேத்துக்கிட்டாங்க, வேலக்காரன்ங்கறதால." டாவிட் கல்லை அண்ணாந்து பார்த்தான். "எங்க ஆளு பேர இதுல வெட்டவே இல்ல. அதனால எடுத்துடுவாங்கங்கற பயமும் எங்களுக்கு இல்ல."

நாலு தலைமுறையாக அந்தக் கல்லைத் தடவிய ஓடெண்டால்கள் யாரும் இதைக் கேட்டதில்லை.

சனிக்கிழமை ஹெனிங் வழக்கம்போல உப்புக்கண்டம் வாங்கக் கடைக்கு வந்தார். நாற்பது வருடமாகச் சனிக்கிழமை தவறியதில்லை. ஓரத்தில் கொழுப்பை விட்டுவைத்து, நடுவில் கொஞ்சம் ஈரமாக இருப்பதுதான் அவருக்குப் பிடிக்கும். வெஸ்ஸல் அதை அவருக்கென்று தனியாக மாட்டி வைத்திருப்பார்.

"ஹெனிங், உனக்குத் தெரியும்ல? நீயும் நானும் சேந்துதானே கட்டினோம் அந்தக் கதைய. முதல்ல எட்டுத் தீக்கோழின்ன, நான்தான் பன்னெண்டாக்குன்னேன்."

ஹெனிங் தொப்பியைக் கையில் சுற்றினார். "தெரியும்டா. எல்லாம் தெரியும். எங்கப்பா கடைசி நாள்ல அந்தக் கதையத்தான் கேட்டுக்கிட்டே கெடந்தாரு. பொய்யின்னு சொல்ல எனக்கு வாய் வரல. அப்புறம் பேரப்பசங்க. அப்புறம் இந்த முனைவரம்மா வந்து, சதுக்கத்துல செல வைக்கறேன்னுச்சு. செல, வெஸ்ஸல். எங்க வீட்டு ஆளுக்கு."

"செலய வச்சுக்கோ. எங்க ஆளு பேர எடுக்காத."

ஹெனிங்கின் கண் கலங்கியது. நடிப்பில்லை, உண்மையாகவே கலங்கியது. "ஒண்ணு பண்ணு. இந்த வருஷம் கண்காட்சிப் பொய்ப் போட்டிய மரபு தினத்தன்னிக்கு வச்சிருக்கோம். மன்றம் உறுதி பண்ணாத கதைய ஊர் நடுவுல சொல்ல விதிப்படி வேற எடம் கெடையாது. நீ மேடையேறி உள்ளத உள்ளபடி சொல்லு. நான் நடுவரா அங்கேயே உக்காந்திருப்பேன். நீ சொல்லி முடிச்சதும் எந்திரிச்சு, இதுதான் நெசம்னு மைக்ல சொல்றேன். தலைவரே சொன்னா யாரு மறுக்க முடியும்? கல்லுல கை வைக்கற வேலைய அதுவரைக்கும் தள்ளிப்போடச் சொல்றேன்."

"சத்தியமா?"

"நம்ம பழக்கத்து மேல சத்தியமா."

வெஸ்ஸல் அன்று அவரிடம் உப்புக்கண்டத்துக்குக் காசு வாங்கவில்லை.

மரபு தினத்தன்று ஊரெங்கும் கறி சுடும் புகை. சதுக்கத்தில் வெள்ளைத் துணி போர்த்திய சிலை நின்றது. துணிக்கு மேலாக ஒரு தீக்கோழித் தலை மட்டும் எட்டிப் பார்த்தது. முனைவர் கூடாரத்தைத் தொடங்கிவைத்துப் பேசினார். "உண்மைங்கறது நம்ம எல்லாரோட சொத்து. அத யார் வேணும்னாலும் எடுத்துக்க விட முடியாது" என்றார். கூட்டம் கைதட்டியது.

வெஸ்ஸல் ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டுக்கொண்டு மேடையேறினார். எல்சபே முன்வரிசையில் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி இருந்தாள்.

"நான் சொல்லப்போறது நெசம்" என்று அவர் தொடங்கினார். கூடாரம் சிரித்தது. பொய்ப் போட்டியில் எல்லாரும் அப்படித்தான் தொடங்குவார்கள்.

"பாரெண்ட் ராடமேயர் பீரங்கி எதையும் இழுக்கல. போர் முடியற வரைக்கும் கால்வலின்னு கட்டில விட்டு எறங்கல." தொடையைத் தட்டிச் சிரித்தார்கள். ஊர் தலையில் வைத்துக் கொண்டாடும் வீரனைப் பயந்தாங்கொள்ளியாக்கிவிட்டான், கெட்டிக்காரன். அடுத்தது என்னவென்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அந்தக் கூடாரத்தின் பழைய வழக்கத்தை ஊர் மறக்கவில்லை. துரோகியை இனி நல்லவனாக்குவான்.

வெஸ்ஸல் ஆக்கினார். மலையில் பிடிபட்டதைச் சொன்னார், கப்பலைச் சொன்னார், தியத்தலாவையின் குளிரையும் காய்ச்சலையும் சொன்னார். குதிரைக்காரன் ஸ்வார்ட்பூயையும் மறக்காமல் சொன்னார். உடைந்த தந்தத்தோடு யானை வீடு வந்து சேர்ந்ததைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. "என்னமா நடிக்கறான்யா" என்று பின்னாலிருந்து ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"சிரிக்காதீங்க. தலைவருக்குத் தெரியும். ஹெனிங், எந்திரிச்சுச் சொல்லு."

ஹெனிங் எழுந்தார். கூடாரம் அமைதியானது. அவர் மைக்கை வாங்கினார், வாசல் வழியே தெரிந்த தீக்கோழித் தலையை ஒரு கணம் பார்த்தார்.

"நான் தலைமையாசிரியரா இருந்தவன். பொய் சொன்னா எனக்கு மொகத்தப் பாத்தே தெரிஞ்சுடும்." வெஸ்ஸலைக் கைநீட்டிக் காட்டினார். "இந்தக் கூடாரத்துல இதவிட நல்ல பொய்ய நான் கேட்டதில்ல. முதல் பரிசு வெஸ்ஸல் ஓடெண்டாலுக்கு."

கூட்டம் எழுந்து நின்று ஆரவாரம் செய்தது. முதல் பரிசு மன்றத்தின் அன்பளிப்பு, ஒரு டின் காபி. ஹெனிங் அதை வெஸ்ஸல் கையில் வைத்து, கேமராவைப் பார்த்துச் சிரித்து, காதோரம் குனிந்து சொன்னார். "பிரமாதம்டா. ஒரு நிமிஷம் நானே நம்பிட்டேன்."

கண்ணடிப்பான் என்று வெஸ்ஸல் அவர் முகத்தையே பார்த்தார். ஹெனிங் கண்ணடிக்கவில்லை. டோரிங்போர்ட்டில் ஒருவன் ஒருவனைக் காட்டிக்கொடுத்தது நிஜமாகவே அன்றைக்குத்தான் நடந்தது. ஊரே பார்த்தது, மன்றம் பதிந்துகொள்ளவில்லை.

வாசலில் எல்சபே அந்த டின்னை வாங்கிக் குப்பைத்தொட்டியில் போட்டாள். மறுநாள் மன்றத்துப் பையன் அதைத் தேடி எடுத்து, யானைக்குப் பக்கத்தில் கண்ணாடிக்குள் வைத்தான். 'துரோகத்துக்குக் கிடைத்த வெகுமதி' என்ற சீட்டு முன்பே தயாராக இருந்தது. செவ்வாயன்று டாவிட் நாலாவது பெயரைச் செதுக்கி எடுத்தான். எடுத்த இடத்தை மழமழவென்று தேய்த்து, தன்னால் முடிந்தவரை சுத்தமாகச் செய்துவிட்டுப் போனான்.

சனிக்கிழமை ஹெனிங் கடைக்கு வந்தார். தொப்பியைக் கழற்றினார். அவருக்குப் பிடித்த மாதிரி, ஓரத்தில் கொழுப்பு விட்ட உப்புக்கண்டம் கொக்கிகளில் வரிசையாகத் தொங்கியது. அவர் தலையில் இடிக்கும் உயரத்தில்தான் தொங்கியது.

"எப்பவும் குடுக்கறது குடுடா."

"உப்புக்கண்டம் இல்ல" என்றார் வெஸ்ஸல்.

ஹெனிங் சிரிக்கப் பார்த்தார். "இல்லயா? தோ, மேல தொங்குதே."

"நீ ஒருத்தன்தான் சொல்ற" என்றார் வெஸ்ஸல். "இன்னும் ஆறு குடும்பத்தக் கூட்டிட்டு வா."

ஹெனிங் கொக்கிகளைப் பார்த்தார், வெஸ்ஸலைப் பார்த்தார். பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு, தொங்கிய கண்டங்களைத் தலை இடிக்காமல் விலக்கிக்கொண்டு வெளியே போனார்.